டேப்பட் கவருக்கு இரண்டாவது பச்சை

அப்பாவின் அம்பாசடர் கார் என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குப் போன வருடம் அடித்த பச்சை, மூன்றே மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. குறை பெயின்டில் இல்லை, என் அவசரத்தில்தான். தின்னரில் ஒரு துடை துடைத்ததோடு சரி.

இந்த முறை சோப்புத்தூள் போட்டுக் கழுவி, எமரி தாளில் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை போகவில்லை என்று அர்த்தம். ஏடு மாதிரி பரவினால் சுத்தம். மூன்றாவது கழுவலில்தான் பரவியது! உடனே துடைத்து வெயிலில் காயவைத்து பிரைமர். அப்புறம் சூடு தாங்கும் எனாமல், மூன்று மெல்லிய கோட், நடுவில் 10 நிமிட இடைவெளி. ஒரு வாரம் காயவிட்டுத்தான் மாட்டினேன் (அப்பாவின் முணுமுணுப்பு தனிக்கதை).

நேற்று அதன்மேல் கொஞ்சம் ஆயில் சிந்தியது. துடைத்த துணியில் பச்சை ஒட்டவே இல்லை.