கல்வியாண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகள்

கான்சஸ் மாநிலத்தின் ஜங்ஷன் சிட்டியில் கணித ஆசிரியையாகப் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பறைச் சன்னல்கள் அதிர்ந்தன. இடி என்று நினைத்து வெளியே பார்த்தேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. முன்வரிசையில் இருந்த சிறுமி நோட்டிலிருந்து தலை நிமிராமலேயே, "பீரங்கிப் பயிற்சி, மேம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போனாள். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

ஸ்மோக்கி ஹில், ரிபப்ளிகன் என்னும் இரண்டு ஆறுகள் கூடிக் கான்சஸ் ஆறாக மாறும் இடத்தில் இருப்பதால் அந்த நகருக்கு அப்பெயர் வந்தது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 23 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதை ஒட்டி, சுமார் ஒரு லட்சம் ஏக்கர் புல்வெளியில் பரந்திருக்கிறது ஃபோர்ட் ரைலி என்னும் படைத்தளம். 1853இல், மேற்கே செல்லும் வண்டிப்பாதைகளைக் காப்பதற்காக அமைக்கப்பட்ட அந்தக் கோட்டை, பிற்காலத்தில் குதிரைப்படைப் பள்ளியாக விளங்கி, இப்போது அமெரிக்கத் தரைப்படையின் முதலாம் காலாட்படை டிவிஷனின் இருப்பிடமாக இருக்கிறது. தளத்துக்குள் இருக்கும் பள்ளிகளையும் நகரில் இருக்கும் பள்ளிகளையும் ஒரே கல்வி மாவட்டம்தான் நடத்துகிறது. ஆகவே, படைவீரர்களின் பிள்ளைகளும் மளிகைக்கடைக்காரரின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நான் அதற்கு முன் 12 ஆண்டுகள் மதுரையில் ஆசிரியையாக இருந்தவள். அங்கே ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத்தான் வெளியேறும். அதன் அண்ணனையும் அத்தையையும்கூட எனக்குத் தெரிந்திருக்கும். ஜங்ஷன் சிட்டியில் ஆகஸ்ட் மாதம் என் வகுப்பில் இருந்த முகங்களில் பல, மே மாதத்தில் இல்லை. "ஆர்டர் வந்துவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும். நிரந்தரப் பணியிட மாற்றம் என்று படையின் ஏட்டில் அதற்குப் பெயர்; நிரந்தரம் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள். அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்த எனக்கு மாற்றல் உத்தரவு புதிதல்ல. ஆனால் அங்கே மாற்றல் ஒரு வீட்டுக்கு வருவதல்ல. ஒரு தெருவே சில கோடைகளில் மூட்டை கட்டும்.

நம் ஊரில் டி.சி. இல்லாமல் ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு தகப்பனார் ஜனவரி மாதப் பனியில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய பள்ளி கொடுத்த உறையைக் கையோடு கொண்டுவந்து நீட்டினால், அதைக் கொண்டே அன்றே சேர்த்துக்கொள்கிறார்கள். படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 50 மாநிலங்களும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஓர் உடன்படிக்கை அதற்கு வழி செய்கிறது. அதிகாரப்பூர்வமான பதிவேடுகள் பின்னால் வரலாம். விடுபட்ட தடுப்பூசிகளுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. போர்ப்பணிக்குப் போகும் அல்லது திரும்பி வரும் பெற்றோருடன் இருக்கப் பிள்ளைக்கு விடுப்பும் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாராக இருந்தாலும், ஒரு பிள்ளை பள்ளி அலுவலக வாசலில் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உறையில் இருப்பது மதிப்பெண் மட்டும்தான். எந்தப் பாடம் நடக்கும்போது அந்தப் பிள்ளை காரின் பின்னிருக்கையில் ஆயிரம் மைல் பயணத்தில் இருந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுத் தரநிலைகளை டெக்சஸ் ஏற்கவில்லை. ஜெர்மனியிலும் கொரியாவிலும் இருக்கும் தளங்களில் பாதுகாப்புத் துறையே பள்ளிகளை நடத்துகிறது. ஒரே அத்தியாயத்தை மூன்று முறை படித்துச் சலித்த பையனும், அதை ஒரு முறைகூடக் கண்ணில் பாராத பையனும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள்.

டெக்சஸிலிருந்து வந்த ஒரு சிறுமி நினைவில் நிற்கிறாள். சமன்பாடுகளை வகுப்பிலேயே முதலாவதாக முடிப்பவள், ஆனால் விடை பாதி நேரம் தவறாக இருக்கும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் எழுதி எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னேன். குறை மூன்றிலிருந்து குறை ஐந்தைக் கழித்தால் குறை எட்டு என்றாள், கொஞ்சமும் தயங்காமல். குறை எண்களைக் கழிக்கும் பாடம் நடந்த இரண்டு வாரங்களில்தான் அவள் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறியிருக்கின்றன. அதற்கு மேலே கட்டியது அத்தனையும் சரியாகவே இருந்தது. அடியில் ஒரு செங்கல் இல்லை, அவ்வளவுதான். மறுநாள் வகுப்பறைத் தரையில் நிறநாடாவை ஒட்டி, குறை பத்திலிருந்து பத்து வரை ஓர் எண்கோடு போட்டேன். குறை மூன்றில் நின்று, ஐந்தைக் கழிப்பதற்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், குறை ஐந்தானால் எப்படி நடக்க வேண்டும் என்று அவளே நடந்து பார்த்தாள். இரண்டில் போய் நின்றதும் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து நடந்தாள். கவனக்குறைவு என்று நான் எழுதியது அவளுடையது அல்ல, என்னுடையது.

அன்றிலிருந்து, புதிதாக வரும் பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு அவர்களில் பலருக்கு விடை தெரியாது. கடைசியாக எங்கே இருந்தாய், அங்கே கணக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்பேன். என் வகுப்பை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அடுத்த ஊரில் இருக்கும் முகம் தெரியாத கணக்கு ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கையால் எழுதிக் கொடுப்பேன்: இவனுக்கு விகிதம் நன்றாக வரும், சதவீதத்தின் பாதியில் புறப்படுகிறான், மற்றவர் முன்னால் கேள்வி கேட்கக் கூச்சப்படுவான், தனியாகக் கேளுங்கள்.

அந்த ஊரின் பொருளாதாரமும் இந்தப் போக்குவரத்தை நம்பித்தான் இருக்கிறது. வாஷிங்டன் தெருவில் நடந்தால் முடிதிருத்தும் கடை, அடகுக் கடை, பழைய கார் விற்கும் இடம் என்று வீரர்களின் தேவையை ஒட்டிய கடைகளே கண்ணில் படும். அயல்நாட்டுத் தளங்களில் வீரர்களை மணந்து வந்த பெண்கள் வேரூன்றியதால் கொரிய உணவகங்களும் இருக்கின்றன. முதலாம் டிவிஷன் ஜெர்மனியிலிருந்து 2006இல் திரும்பி வருகிறது என்றபோது, வரப்போகும் குடும்பங்களுக்காக நகராட்சி கடன் வாங்கிப் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சாலையும் குழாயும் போட்டது. வீட்டுச் சந்தை சரிந்தபின் அந்தக் கடன் நகரின் தலையில் நெடுநாள் இருந்தது. படைத்தள நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது, பள்ளிகளோ சொத்துவரியை நம்பி நடப்பவை. ஆகவே 1950இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி கூட்டரசு ஈட்டுத்தொகை தருகிறது. ஒரு பிள்ளையின் வருகையும் போக்கும் அங்கே கணக்கேட்டிலும் தெரியும்.

என்னை இன்னமும் உறுத்தும் சம்பவம் ஒன்று உண்டு. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடும் ஒரு பையன். பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுப்பி, "உன் அப்பாவிடம் பேச வேண்டும். அவர் எங்கே பணியில் இருக்கிறார்?" என்று கடுமையாகவே கேட்டேன்.

"அப்பா வீட்டில்தான் இருக்கிறார், மேம். அம்மாதான் போலந்தில் இருக்கிறார்."

போலந்து நேரம் கான்சஸ் நேரத்துக்கு ஏழு மணி முந்தியது. காலை ஆறு மணிக்கு அந்தத் தாய் பணிக்குப் புறப்படுவதற்கு முன் அழைத்தால், மகனுக்கு அது இரவு பதினொரு மணி. அந்த அழைப்புக்காக அவன் தினமும் விழித்திருந்தான். சீருடையில் இருப்பவர் தகப்பனாகத்தான் இருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டதற்கு, அன்று மாலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கடினமான பாடங்களை அவனுக்கு மதியத்துக்கு மேல் தனியே நடத்தினேன்.

தளத்துக்குள் ஒரு முறை கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது மணி ஐந்தானது. ஒலிபெருக்கியில் கொடி இறக்கும் ஊதுகொம்பு கேட்டதும், எனக்கு முன்னால் போன கார்கள் அப்படியே நின்றன. சீருடையினர் இறங்கிக் கொடி இருந்த திசை நோக்கி நின்றார்கள். ஒரு காரின் பின்னிருக்கையில் இருந்த சின்னப் பிள்ளை, இறங்கி நின்ற தாயைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய புல்வெளியில் அந்த ஒரு நிமிடம் வேறு சத்தமே இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பையனின் தாய் திரும்பி வந்தார். வந்த மூன்றாம் நாள், சீருடையோடே பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். மதிப்பெண் அட்டையை எடுத்து வைத்தேன், அதை அவர் ஓரமாக வைத்துவிட்டு, "அவனுடைய கணக்கு நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். மகன் உட்காரும் சிறிய மேசையிலேயே உட்கார்ந்து, ஆகஸ்ட் மாதத்தின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கையெழுத்து மாறிய இடங்களில் சற்று நின்றார். ஓரத்தில் தூக்கக் கலக்கத்தில் பேனா இழுத்துக்கொண்டு போன ஒரு கோட்டை விரலால் தடவிவிட்டு, "இது எந்த மாதம்?" என்றார்.

"நவம்பர்" என்றேன்.

கடைசிப் பக்கம் வரை பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நோட்டை மூடியபின், ஜூன் மாதம் ஜார்ஜியாவுக்கு ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னார். நான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவர் பார்த்திருக்க, கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.