கயையில் அம்மாவுக்குப் பதினாறு பிண்டம்

சிராத்தங்கள் பலவற்றில் அம்மாவுக்குத் தனி இலை கிடையாது. அப்பா வர்க்கத்தோடு சேர்த்தே அவளுக்கும் ஆகிவிடும். தனியாகச் செய்ய வேண்டிய நேரங்கள் என்று தர்மசாஸ்திரம் நான்கைச் சொல்கிறது: அஷ்டகை சிராத்தத்துக்கு மறுநாள் வரும் அன்வஷ்டகை, கல்யாணம் போன்ற சுபகாரியங்களுக்கு முன் செய்யும் நாந்தி, அவள் காலமான திதி, கயை. இந்த நான்கில் பீகாரில் இருக்கும் கயை மட்டும்தான் ஊர். அங்கே தனிச் சிராத்தத்தோடு நில்லாமல் ‘மாத்ரு ஷோடசி’ என்று அம்மாவுக்கு மட்டும் 16 பிண்டங்கள் கூடுதலாக உண்டு. அப்பாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு குடும்பத்தையே தாங்கி நின்ற அம்மாவை நினைத்து யாத்திரை போகிறவர்கள் கயையைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தப் பதினாறே போதுமான காரணம்.

தயாரிப்பு வீட்டில் தொடங்குகிறது, அதுவும் பெயர்களில். அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, அவரவர் மனைவியர் என்று 12 பெயர்கள் வேண்டும். அம்மா, அப்பாவின் அம்மா, அப்பாவின் பாட்டி ஆகிய மூவருக்கும் அப்பாவின் கோத்திரம். அம்மாவைப் பெற்றவர்களுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் அம்மா பிறந்த வீட்டுக் கோத்திரம். சங்கல்பத்தில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஆண்களின் பெயர் எப்படியாவது கிடைத்துவிடும். அம்மாவின் பாட்டி பெயரைக் கேட்டால் பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. ‘மேலாத்துப் பாட்டி’ என்றோ ‘கொல்லையாத்து அம்மாள்’ என்றோதான் சொல்வார்கள். பெயர் கிடைக்கவே இல்லை என்றால் சிராத்தம் செய்துவைக்கும் வாத்தியார் பொதுப்பெயர் சொல்லி நடத்திவைப்பார், குறையில்லை. ஆனாலும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை எல்லோரையும் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுவிடுவது நல்லது. அம்மாவுக்கே இரண்டு பெயர் இருக்கும்: சாமி பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் இருப்பதையே சொல்ல வேண்டும் என்பதில்லை. சிராத்தத்தில் எப்போதும் சொல்லி வந்த பெயரையே இங்கும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பட்டியல் காருண்ய பித்ருக்கள், அதாவது இந்தப் பன்னிரண்டு பேர் தவிர நாம் நினைத்துப் பிண்டம் வைக்கும் மற்றவர்கள். கயையின் பெருமையே இந்தப் பட்டியலுக்கு எல்லை கிடையாது என்பதுதான். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, கூடப்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், குரு, சிநேகிதர்கள், வீட்டில் வேலை செய்தவர்கள், பிள்ளையில்லாமல் போனவர்கள், வளர்த்த பசு, நாய் வரைக்கும் பிண்டம் போடலாம். அம்மா யார் யாருக்குச் சோறு போட்டாள், யார் பிரசவத்துக்குத் துணை போனாள், யார் அவளுக்கு ஆபத்தில் உதவினார்கள் என்று உட்கார்ந்து யோசித்தால் பட்டியல் தானாக நீளும். தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு உட்கார்ந்திருக்கும்போது தாள் நனைந்து எழுத்து கலைந்துபோவது வாடிக்கை.

எப்போது போவது? ‘கயாயாம் ஸர்வகாலேஷு’, கயையில் எல்லாக் காலத்திலும் என்பது வசனம். கூடுதலாக வரும் அதிக மாசமோ, குருவும் சுக்கிரனும் சூரியனுக்கு அருகில் மறையும் மௌட்யமோ கயைக்குத் தடையில்லை. முதல் வருஷ சிராத்தமான வருஷாப்திகம் முடிந்தபின் எந்த நாளிலும் போகலாம். மஹாளய பக்ஷத்தில் போனால்தான் பலன் என்று நினைத்துப் பலர் அந்த 15 நாள்களிலேயே போய் நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது விஷ்ணுபாதக் கோயிலில் உட்கார இடம் கிடைக்காது, மந்திரம் காதில் விழாது, ஷோடசி ஓட்டமாக ஓடிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். மே மாதத்தில் கல்தரையில் கால் வைக்க முடியாது. வயதானவர்களை அப்போது அழைத்துப் போகவே வேண்டாம்.

வழக்கமான வரிசை பிரயாகை, காசி, கயை. பிரயாகையில் முண்டனம், காசியில் தண்டம், கயையில் பிண்டம் என்பார்கள். கயையில் முடி எடுக்கும் க்ஷவரமும் இல்லை, தீர்த்த உபவாசமும் இல்லை. இந்த விதிவிலக்கு உள்ள மிகச் சில க்ஷேத்திரங்களில் அதுவும் ஒன்று. காசியிலிருந்து கயை சாலை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். காலையில் காசியை விட்டுப் புறப்பட்டு அன்றே சிராத்தமும் முடித்துத் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாள் மாலையே போய் இரவு தங்கிவிட வேண்டும். நகரத்தார் சத்திரம், மடங்கள், தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும் வாத்தியார் வீடுகள் என்று தமிழர்களுக்கு இடம் உண்டு. என்னென்ன அடங்கும், எத்தனை பிராமணர்கள், உள்ளூர்ப் புரோகிதரான பண்டாவுக்கு எவ்வளவு, தானம் எவ்வளவு என்று மொத்தத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசிப் பிண்டம் வைக்கும் ஆலமரமான அக்ஷயவடத்தடியில் நின்று பேரம் பேசுவது போல மனம் நோகிற காரியம் வேறில்லை.

கயையின் சிராத்தம் மூன்று இடங்களில் நடக்கிறது: பல்குனி நதி, விஷ்ணுபாதம், அக்ஷயவடம். பிண்டத்துக்குப் பச்சரிசிச் சாதம். மூன்று இடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 64 பிண்டங்கள் என்றால் முக்கால் கிலோ அரிசி தாராளமாகப் போதும். கயையில் வன்னி இலை அளவு பிண்டம் வைத்தாலே போதும் என்று வசனம் இருக்கிறது. பெரிதாகப் பிடிக்க வேண்டியதில்லை, நெல்லிக்காய் அளவு சரி. உப்புச் சேர்க்காமல், கொஞ்சம் குழைவாக வடித்து, சூடு ஆறும் முன் கறுப்பு எள், நெய், தேன், துளி பால் சேர்த்துப் பிசைய வேண்டும். உதிரியாக வடித்த சாதமும் முழுக்க ஆறிய சாதமும் பிடிக்க வராது, கையில் விண்டுபோகும். அப்படி ஆனால் தண்ணீர் விடாமல் இன்னும் கொஞ்சம் பாலும் நெய்யும் விட்டு அழுத்திப் பிசையுங்கள். உள்ளூர்ப் பண்டாக்கள் வாற்கோதுமை மாவில் பிண்டம் செய்வார்கள். அவரவர் வழக்கம் எதுவோ அதைச் செய்யலாம்.

முதலில் பல்குனி. ஸ்நானம், சங்கல்பம், தர்ப்பணம். மூன்று புல் பவித்ரம், தெற்கு நோக்கிய முகம், பூணூல் வலது தோளிலிருந்து இடப்பக்கமாக. பூணூல் இல்லாதவர்கள் துண்டை வலது தோளில் போட்டுக்கொள்வார்கள். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இறங்க வேண்டும். பல்குனி மணலுக்கு அடியில் ஓடும் நதி. வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். 2022ல் ரப்பர் அணை கட்டியபின் விஷ்ணுபாதத்தின் ஓரமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. படித்துறையில் பாசி உண்டு, கைப்பிடியுள்ள இடமாகப் பார்த்து இறங்குங்கள்.

எதிர்க்கரையில் சீதாகுண்டம். ராமனும் லக்ஷ்மணனும் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில் தசரதர் கை நீட்டிக் கேட்க, சீதை மணலையே பிண்டமாகப் பிடித்துக் கொடுத்தாள் என்பது ஸ்தல புராணம். சாட்சி சொல்லாத பல்குனி சாபம் பெற்று மணலுக்கு அடியில் போனது. உண்மை சொன்ன ஆலமரம் அக்ஷயவடமாக நிற்கிறது. அம்மாவுக்கு மகள்கள் மட்டுமே இருக்கும் வீடுகளில் ‘நாங்கள் செய்யலாமா’ என்ற கேள்வி வரும். மகள் வயிற்றுப் பேரனை முன்னிறுத்திச் செய்துவைக்கிற வாத்தியார்கள் உண்டு. மகளையே உட்கார்த்தி வைக்கிற கயாவாலிப் பண்டாக்களும் உண்டு. கிளம்பும் முன்பே கேட்டு முடிவு செய்துகொண்டால் அங்கே போய் மனக்கசப்பு வராது. ஒரு பெண் கொடுத்த பிண்டத்தைப் பெருமையாகச் சொல்லும் ஊரில் மகளைத் தள்ளி நிற்கச் சொல்வது பொருந்தவில்லை என்பது எங்கள் எண்ணம்.

அடுத்தது விஷ்ணுபாதம். இப்போதைய கோயில் இந்தூர் ராணி அகல்யாபாய் 1787ல் கட்டியது. கயாசுரனை அழுத்திய பெருமாளின் திருவடி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம், பாறையில் பதிந்திருக்கிறது. சுற்றிலும் எண்கோண வடிவில் வெள்ளிக் கட்டு. சிராத்தம் செய்தபின் பிண்டங்களை அந்தத் திருவடியில் சேர்க்கிறோம். மாலையில் மறுபடி போங்கள். சந்தனமும் பூவும் சாத்திய திருவடி சேவை அப்போதுதான்.

மாத்ரு ஷோடசிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மந்திரத்தை மட்டும் சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பலருக்கு அப்படித்தான் முடிகிறது. ஒவ்வொரு சுலோகமும் அம்மா பட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்லி, அதற்குப் பரிகாரமாக ‘மாத்ரு பிண்டம் ததாம்யஹம்’ என்று முடியும். கர்ப்பத்தைச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் நடந்தாளே, அதற்கு ஒன்று. மாதாமாதம் பட்ட அவஸ்தைக்கும் பிரசவ வேதனைக்கும் ஒன்று. வயிற்றுக்குள் உதைத்ததற்கு, பிள்ளை பெற்றபின் பட்டினி கிடந்து உடம்பு வற்றியதற்கு, கசப்பும் காரமுமாகக் கஷாயம் குடித்ததற்கு, பிள்ளைக்கு ஆகாது என்று ஆசைப்பட்ட பண்டத்தை ஒதுக்கியதற்கு, ராத்திரி பிள்ளை நனைத்த துணியிலேயே படுத்ததற்கு, பகலென்றும் இரவென்றும் பாராமல் பால் கொடுத்ததற்கு, பிள்ளைக்கு உடம்புக்கு வந்தபோது அழுததற்கு, தை மாசிக் குளிரையும் கோடை வெயிலையும் தாங்கியதற்கு, பசித்த பிள்ளைக்குத் தன் சோற்றைக் கொடுத்துவிட்டு அரைவயிறாக இருந்ததற்கு என்று நீள்கிறது. யமலோகத்து வழியில் அவள் படும் துயரத்துக்கும் ஒன்று உண்டு. செய்முறை நூலான பத்ததிக்குப் பத்ததி வரிசையும் பாடமும் கொஞ்சம் மாறும்.

ஒவ்வொரு சுலோகத்துக்கும் தமிழில் அர்த்தம் சொல்லி, அதன்பின் பிண்டம் வைக்கச் சொல்லும்படி வாத்தியாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். சகோதரர்கள் சேர்ந்து போனால் மூத்தவர் வைக்க, மற்றவர்கள் அவர் கையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இந்த இடத்தில் அழாதவர்கள் குறைவு. அழுகை வந்தால் நிறுத்திவிட்டு நிதானமாகத் தொடருங்கள். யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். படம் பிடிப்பதைக் கூட வந்த ஒருவரிடம் விட்டுவிடுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. எண்ணிக்கை தவறாமல் இருக்க 16 உருண்டைகளைத் தனித்தட்டில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். காருண்ய பிண்டங்களோடு கலந்துவிட்டால் பாதியில் குறைந்துபோய் மறுபடி பிடிக்க நேரும்.

கடைசியாக அக்ஷயவடம். மீதிப் பிண்டங்களை மரத்தடியில் சேர்த்தபின் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை ஆகியவற்றை இனிச் சாப்பிடுவதில்லை என்று விட வேண்டும். எப்போதுமே சாப்பிடாததை விடுவது பலரும் செய்வது. பிடித்ததை விடுவதே முறை. ஆனால் வாழைக்காய் மாதிரி சிராத்தச் சமையலுக்கு வேண்டியதை விட்டுவிட்டுப் பிறகு சங்கடப்பட வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே பொருளை விட்டால் வீட்டுச் சமையலுக்குச் சுலபம். பண்டா ‘ஸுபலம்’, நல்ல பலன் என்று சொல்லி ஆசீர்வதித்தால் கயா சிராத்தம் பூர்த்தி.

அக்ஷயவடத்துக்குப் பக்கத்திலேயே சிறு குன்றில் மங்களகௌரி. சக்தி பீடங்களில் அம்பாளின் ஸ்தனம் விழுந்த இடம். அஷ்டாதச பீட ஸ்தோத்திரத்தில் ‘கயா மாங்கல்ய கௌரிகா’ என்று வருபவள் இவள்தான். ஷோடசியில் பால் கொடுத்த அம்மாவுக்குப் பிண்டம் வைத்துவிட்டு உலகத்துக்கே பாலூட்டும் அம்பாளைப் பார்க்காமல் வரக் கூடாது. படி ஏற வேண்டும், வாசல் குனிந்து நுழையும் உயரம், உள்ளே விளக்கு வெளிச்சம் மட்டுமே. நாலைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது என்பதால் செவ்வாய்க்கிழமை தவிர்த்த நாளாகப் பாருங்கள். முட்டிவலிக்காரர்கள் சிராத்தத்தன்றே ஏறாமல் மறுநாள் காலை போகலாம்.

ஊர் திரும்பியதும் கங்கை நீர் கொண்டுவந்த செம்புக்குப் பூஜை செய்து, சாப்பாடு போடும் சமாராதனை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கயையில் செய்தாகிவிட்டது, இனி வருஷாவருஷம் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. உயிரோடு இருக்கும்போது சொல் கேட்பது, வருஷந்தோறும் திதியில் நிறையச் சாப்பாடு போடுவது, கயையில் பிண்டம் வைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் புத்திரன் கடமை என்று சுலோகம் சொல்கிறது. ஆகவே அம்மாவின் திதி தொடர வேண்டும். சுமங்கலியாகப் போனவளுக்கு மஹாளயத்தில் வரும் அவிதவா நவமியும் உண்டு. திதியைக் குறிக்கும்போது ஆங்கிலத் தேதியை மட்டும் எழுதிவைக்காமல், தமிழ் மாதம், பக்ஷம், திதி, காலமான நேரம் நான்கையும் எழுதிவையுங்கள். நள்ளிரவுக்குப் பின் காலமாகியிருந்தால் தேதி மாறிவிடும், பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். அடுத்த தலைமுறை தப்பான நாளில் இலை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.