அலைன்மென்ட் சரி என்றது சீட்டு, நேராக ஓடவில்லை கார்

90,000 கிலோமீட்டர் தாண்டிய எங்கள் சின்ன காருக்கு முன்பக்க வேலை முழுதாகப் பார்த்தோம். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் கை), ஷாக் அப்சார்பர், டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) எல்லாம் இரண்டு பக்கமும் புதுசு. பள்ளத்தில் இறங்கும்போது வந்த கடகட சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது புதுத் தொல்லை ஒன்று தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவேண்டும். வரவில்லை, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. சமவெளியில் நேர் ரோட்டிலும் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற வண்டி. இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

வேலை செய்த பட்டறையில், "அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாயிடும் சார்" என்றார்கள். சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வதுதான் அது. பண்ணினோம். அளவுச் சீட்டில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மூன்றும் பச்சையில், அதாவது சரியான அளவுக்குள், வந்தன. இழுப்பு மட்டும் போகவில்லை. வேறு இடத்தில் பார்த்தபோதும் எண்கள் ஏறக்குறைய அதேதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் காசை விடுகிறார்கள். முன் சக்கரங்களின் டோ தவறாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் சீக்கிரம் தேயும். ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குப் பெரும்பாலும் அது காரணமில்லை. ஓட்டத்தில் இரண்டு சக்கரமும் அந்தக் கோணத்தைத் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இழுப்பு வருவது கேம்பரோ காஸ்டரோ இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபடும்போது. வித்தியாசம் அரை டிகிரி, அதாவது கோணக் கணக்கில் 30 நிமிடம், தாண்டினாலே கையில் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் சீட்டில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஸ்டியரிங்கை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் விசையில் பெரும்பங்கு காஸ்டருடையது. அது சரியாக இருந்தும் ஸ்டியரிங் திரும்பவில்லை என்றால், நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் காற்று, இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு. அப்புறம் இரண்டு முன் டயர்களையும் இடம் வலம் மாற்றிப் போட்டோம். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறும். (ஒரே திசையில் மட்டும் சுழலவேண்டிய டயர் என்றால் இந்தச் சோதனைக்கு மட்டும் மாற்றிவிட்டு உடனே பழையபடி போட்டுவிட வேண்டும்.) இழுப்பில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்து பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வீல் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி. ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தாலும் பிடிப்பு இல்லை.

மிச்சம் இருந்தது ரோடு. மழைத் தண்ணீர் வடிய நம் ரோடுகள் இடது ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். கையை விட்டால் நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கம் போகும். இதை ஒதுக்க, விடுமுறை நாளில் காலியாகக் கிடந்த ஒரு பெரிய சிமெண்டுத் தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வலது பக்கம் திருப்பி நேராக்கினால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. இடது பக்கம் திருப்பி நேராக்கினால் இடப்பக்கம் இழுத்தது. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே போகப் பார்க்கிறது. டயரோ பிரேக்கோ கேம்பரோ இப்படிச் செய்யாது, அவை எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். திருப்பும்போது சுழலவேண்டிய ஏதோ ஒரு மூட்டு இறுகிக்கிடக்கிறது என்பது அங்கேயே உறுதியாயிற்று.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். லிஃப்டில் ஏற்றி, இன்ஜின் அணைத்து, இரண்டு டை ராடு எண்டையும் கழற்றிவிட்டார். பவர் ஸ்டியரிங் மோட்டார் வேலை செய்யும்போது லேசான இறுக்கத்தை மறைத்துவிடும், அதனால்தான் அணைத்துப் பார்ப்பது. ஸ்டியரிங் தனியாக லேசாகச் சுற்றியது, ஆகவே ரேக்கில் (ஸ்டியரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) குறையில்லை. இடது வீலைக் கையால் திருப்பினார், வழுக்கிக்கொண்டு போனது. வலது வீல் பாதியில் முரண்டு பிடித்து, சட்டென்று துள்ளித் திரும்பியது. "ஸ்பிரிங் மேல லேசா கை வைங்க தம்பி" என்றார். வீலைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் முறுக்கேறி, பிறகு ஒரே உதறலில் விடுபடுவது உள்ளங்கையில் தெரிந்தது. விரலைச் சுருளுக்குள் மட்டும் விடக்கூடாது.

காரணம் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) உச்சியில் உள்ள பேரிங். இந்த வகை முன்பக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே சுழலும், டாப் மவுண்ட், அதாவது ஸ்ட்ரட்டை மேலே பிடித்திருக்கும் தாங்கி, மட்டும் பாடியோடு நிற்கும். இரண்டுக்கும் இடையில் உட்காருவதுதான் இந்தப் பேரிங். ஷாக் அப்சார்பரைப் புதிதாகப் போட்டவர்கள் பழைய பேரிங்கையே மறுபடி வைத்திருந்தார்கள், அதுவும் இருக்கையில் சரியாக உட்காராமல் கோணலாக. உள்ளே கிரீஸ் காய்ந்து மண்ணாகிக் கிடந்தது. இவ்வளவு பிரித்து வேலை பார்க்கும்போது அந்தச் சின்னப் பொருளை மாற்றாமல் விடுவது எனக்கு இன்றுவரை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் புதிது போடச் சொன்னேன்.

அவரே இன்னொன்றையும் செய்தார். லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மைப் பிடிக்கும் ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது மறுபடி முறுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிய துணி மாதிரி இழுபட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். முதல் பட்டறையில் லிஃப்டிலேயே இறுக்கியிருந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். டோ கொஞ்சம் திருத்தவேண்டியிருந்தது, மற்ற எண்கள் பழையபடியே. மலையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் கைக்குள்ளேயே வழுக்கி நடுவுக்கு வந்தது. நேர் ரோட்டில் இடப்பக்கம் லேசாகப் போகிறது, அது ரோட்டின் சரிவு. பேரிங் மாற்றியதையும், புஷ் போல்ட்டுகள் தரையில் வைத்து இறுக்கப்பட்டவை என்பதையும் அந்தப் பில்லிலேயே எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து யார் கை வைத்தாலும் முதலில் அதைத்தான் காட்டப்போகிறேன்.