முதியோர் பென்ஷனைப் பார்க்கும் தாசில்தாரிடமே முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கண்காணிக்கும் வேலையையும் கொடுக்கலாமா?

இரண்டையும் ஒரே ஆபீசில் சேர்த்தால் செலவு மிச்சம் என்பவர்களுக்கு: சேர்க்கக்கூடியது ஆவணச் சரிபார்ப்பு மட்டும்தான். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டுக்கென்றால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று. இதற்காக விஏஓ ஆபீசுக்கு எத்தனை தடவை நடப்பது?

கண்காணிப்பு அப்படியில்லை. முதியோர் பென்ஷனில் ஆள் இருக்கிறாரா, ஆதரவற்றவரா, மாதம் 1,200 போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். முதலமைச்சர் காப்பீட்டிலோ முன் அனுமதி வாங்கிய சிகிச்சைதான் நடந்ததா, குடும்பத்துக்கு ஆண்டுக்கு உள்ள 5 லட்சம் வரம்பில் எவ்வளவு கழித்தார்கள், "ஸ்கேனுக்கு மட்டும் தனியா குடுங்க" என்று கையில் காசு வாங்கினார்களா என்று பார்க்கணும். மருத்துவ பில் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே பிடிக்காவிட்டால் ரசீதுகூட மிஞ்சாது.

ஐப்பசி, கார்த்திகையில் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தாலுகா ஆபீஸே பயிர்ச் சேதக் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அப்போது ஆஸ்பத்திரி வார்டுக்கு யார் போவது?

ஆஸ்பத்திரியில் காசு கேட்டால் கொடுப்பதற்கு முன் காப்பீட்டுத் திட்டத்தின் இலவச உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்: 1800 425 3993.