கிருஷ்ணாபுரமும் ராம்கிங்கரும்

திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலில் குறவன் சிலையை வரைய உட்கார்ந்தேன். அந்த விலா எலும்பு பென்சிலுக்குப் பிடிபடவில்லை. மூன்று தாள்கள் வீண். பூக்காரப் பாட்டி, "கல்லுதான் ஓடிப்போகாதே, மெதுவாக வரையும் ஐயா" என்றார்.

வங்காளச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் நினைவுக்கு வந்தார். 1906இல் பாங்குராவில் பிறந்து, 1925இல் தாகூரின் சாந்திநிகேதனில் கலை படிக்கச் சேர்ந்தவர். சிற்பிதான், ஆனால் ஓவியத்தை ஒருநாளும் விடவில்லை. நீர்வண்ணத்தில் வயலும் சந்தால் பழங்குடியினரும் அப்படியே அசையும். கல்லும் வெண்கலமும் வாங்கக் காசு ஏது? சிமெண்டோடு செம்புரைச் சரளையைக் குழைத்துத் திறந்த வெளியிலேயே 'சந்தால் குடும்பம்' செய்தார், 1938இல். தலைச்சுமை, கூடையில் குழந்தை, கூடவே ஒரு நாய். சாமியோ ராஜாவோ இல்லை, வேலைக்கு இடம்பெயரும் குடும்பம். பத்மபூஷண் வந்ததோ 1970இல்தான்!

நம் தேரிக்காட்டுச் செம்மண்ணை ஒரு சாக்கு அள்ளி வந்து சிமெண்டோடு குழைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.