வானொலிக் கடிகாரமும் பாட்டு அட்டைப் பெட்டியும்

அடுத்து என்ன பாட்டு என்பதை அறிவிப்பாளர்தான் முடிவு செய்கிறார் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான வணிக வானொலிகளில் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. முன்பெல்லாம் எதிர்ச் சுவரில் 'வானொலிக் கடிகாரம்' என்ற ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். அறுபது நிமிடத்தையும் கூறுபோட்டு, செய்தி எங்கே, விளம்பரம் எங்கே, எந்த இடத்தில் எந்த வகைப் பாட்டு என்று அதில் வண்ணம் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் 1950களில் தலையெடுத்த, பிரபலமான சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் 'டாப் 40' நிலையங்களோடு பரவிய முறை இது.

கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: செய்தி 5 நிமிடம், விளம்பரம் 10, மூன்று நிமிடப் பாட்டு 13 என்றால் 39. மிச்சம் ஆறு நிமிடத்துக்குள் பேச்சு, வானிலை, நிலையத்தின் ஜிங்கிள் (பெயரைச் சொல்லும் இசைத் துணுக்கு) எல்லாம் அடங்க வேண்டும். விளம்பரத்தைக் கால் மணி எல்லையில் வைக்காமல் 20, 50 நிமிடங்களையொட்டி வைத்ததற்கும் காரணம் உண்டு. அமெரிக்க நேயர் கணக்கெடுப்பில் அன்று, ஒரு கால் மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் சேர்ந்தது. 10ஆம் நிமிடத்திலிருந்து 20 வரை ஒருவரைப் பிடித்துவைத்தால் இரண்டு கால் மணி கிடைத்தது. அதனால் 15ஆம் நிமிடத்தைப் பாட்டோடு தாண்டினார்கள்.

கணினி வருவதற்கு முன், எந்தப் பாட்டு அடுத்து என்பது அட்டைப் பெட்டியில் இருந்தது. வகைக்கு ஒரு பெட்டி, பாட்டுக்கு ஓர் அட்டை. பாடியவர், நீளம், குரல் தொடங்கும் வரை எத்தனை நொடி இசை, முடிவு தேய்ந்து போகுமா சட்டென நிற்குமா என்பதெல்லாம் அட்டையிலேயே எழுதியிருக்கும். முன்னால் இருப்பதை எடு, ஒலிபரப்பு, கடைசியில் செருகு: விதி அவ்வளவுதான். பிடிக்காத பாட்டைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிடும் அறிவிப்பாளர்கள் எங்கும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அட்டையில் நேரமும் கையெழுத்தும் போடச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெட்டியில் எத்தனை அட்டை என்பதுதான் முக்கியம், அதில்தான் பலர் கோட்டை விட்டார்கள். முதல் வகையில் மணிக்கு நான்கு பாட்டு என்றால் நாளுக்கு 96. ஆறு அட்டை வைத்தால் 96 மிச்சமின்றி வகுபடும். இன்று காலை 8:10க்கு வந்த பாட்டு நாளையும் அதே 8:10க்கு வந்து நிற்கும். தினமும் அந்த நேரத்தில் மட்டும் கேட்பவருக்கு, நிலையத்திடம் ஒரே பாட்டுதான் இருக்கிறது என்று தோன்றிவிடும். எட்டும் பன்னிரண்டும் அதே வம்புதான். ஏழு வைத்தால் ஐந்து மிஞ்சும். வரிசை தினமும் ஐந்து இடம் நகரும். ஏழு நாள் கழித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதற்குள் வாரப் பட்டியலை மாற்றிவிட வேண்டும்.

அடுத்த தலைவலி மணி முடிவு. செய்தி 10:00:00க்கு, பல நிலையங்களை இணைக்கும் வலையமைப்பிலிருந்து வந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. அதனால் பின்னாலிருந்து எண்ணுவார்கள். 3:47 நீளமுள்ள வாத்திய இசையை 9:56:13க்கு, ஒலியை முழுக்கக் குறைத்து ஓடவிடுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒலியை ஏற்றினால், இசையும் மணியும் சேர்ந்தே முடியும். அவசரத்தில் அறுபதுக்குப் பதில் நூறிலிருந்து கழித்து 9:56:53 என்று எழுதிவிட்டால், இசை முடியுமுன் செய்தி வந்து வெட்டும். இசைத்தட்டின் உறையில் அச்சிட்ட நீளத்தையும் நம்ப முடியாது. நீளமான பாட்டை நிலையங்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்று குறைத்துப் போட்டவர்கள் உண்டு. புதுத் தட்டு வந்தால் ஸ்டாப்வாட்ச்சால் அளந்துவிட்டுத்தான் அட்டை எழுத வேண்டியிருந்தது.

இசைத்தட்டுக் காலத்தில், தட்டைத் தயார்செய்யும்போது முதல் ஒலி கிடைத்த இடத்திலிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். இல்லையென்றால் தட்டு வேகம் பிடிக்கும் வரை பாட்டு இழுத்துக்கொண்டே கிளம்பும். விளம்பரங்கள் அப்போது கார்ட்ரிட்ஜ் என்ற நாடாப் பெட்டியில் இருந்தன. உள்ளே நாடா முடிவில்லா வளையம். ஒலித்து முடித்தபின் ஓடி, தொடக்கத்தில் தானே நிற்கும். நிற்பதற்குள் உருவிவிட்டால், அடுத்த முறை விளம்பரம் வராமல் வெற்று நாடாதான் ஓடும். அதற்குள் வேறொருவர் பணியில் இருப்பார், திட்டு அவருக்கு விழும்.

1979இல் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் செலக்டர் போன்ற, பாட்டு வரிசையைத் தானே போடும் மென்பொருள்கள் வந்தபின் அட்டைப் பெட்டிகள் மெல்லப் பரணுக்குப் போயின. ஒரே பாடகர் ஒரு மணிக்குள் திரும்ப வரக்கூடாது, மெதுவான பாட்டு அடுத்தடுத்து கூடாது, நேற்று வந்த மணியில் இன்று கூடாது என்று விதிகளை அடுக்கலாம். ஆனால் ஏழு பாட்டுக்குப் பத்து விதி போட்டால் எதுவும் தேறாது. பட்டியலில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கையால் நிரப்புவது சுலபம் என்றாலும், கைக்கு முதலில் அகப்படும் அதே இரண்டு மூன்று பாட்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும். விதியில் ஒன்றைத் தளர்த்துங்கள், அல்லது அந்த வகையில் இன்னும் நாலு பாட்டைச் சேருங்கள்.