சின்னம்மை மாத்திரை: நான் கோட்டை விட்ட முதல் நாள்

மகளுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் கழித்து என் முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள், லேசான காய்ச்சல். சின்ன வயதிலேயே எனக்கு வந்துவிட்டதாக நம்பியிருந்ததால் சந்தேகமே வரவில்லை. கிளினிக்கில் டாக்டர் நின்றபடியே பார்த்து, பூச்சிக்கடி என்று ஆன்டிபயாடிக் எழுதினார். வீட்டில் யாருக்காவது அம்மையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் இரவுக்குள் முகம், நெஞ்சு, தலைக்குள் எல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். வாய்க்குள் ஒன்று வந்து எச்சில் விழுங்கவே வலித்தது. வேறு டாக்டர் பார்த்ததுமே சின்னம்மை என்று சொல்லிவிட்டார். இதற்கான மாத்திரை அசைக்ளோவிர். அது கிருமியைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால் முதல் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். எனக்குப் புதிதாக வந்துகொண்டே இருந்ததாலும், பெரியவர்களுக்கு நுரையீரல் வரை போகலாம் என்பதாலும் தாமதமானாலும் எழுதினார்: 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். (மகளுக்குப் பாராசிட்டமாலும் கலமைன் லோஷனுமே போதுமாக இருந்தது.)

மருந்துக்கடையில் அடுத்த குழப்பம். வேளைக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். வீட்டில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 400! டாக்டருக்குப் போன் செய்தேன், வேளைக்கு இரண்டாகப் போடச் சொன்னார். பார்க்காமல் விட்டிருந்தால் 7 நாளும் பாதி மருந்துதான். அட்டையைப் படிக்காமல் ஒரு மாத்திரைகூட வாயில் போடாதீர்கள்.

காய்ச்சலுக்கு வீட்டில் இருந்த மாத்திரையில் இபுப்ரோஃபென் கலந்திருந்தது. அதை உடனே நிறுத்தச் சொன்னார். அம்மையின்போது அதனால் தோலில் கடுமையான தொற்று வர வாய்ப்புண்டாம். பாராசிட்டமால் மட்டும்தான். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

5 வேளை என்பது சொல்ல எளிது. காலை 7, 11, மதியம் 3, இரவு 7, 11 என்று அலாரம் வைத்தேன். தண்ணீர் குறைந்தால் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு அலாரத்துக்கும் மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாள், குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள்.

நாலாம் நாள் காலை கண்ணாடியில் தேடித்தேடிப் பார்த்தேன். புதிதாக ஒன்றுகூட இல்லை! அப்புறம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனியறை.

உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ பச்சைக் குழந்தையோ இருந்தால், அவர்களுக்குக் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அம்மை கண்டவருடன் இருந்ததை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.